வீட்டு வெளிப்புறம் கழுவ எந்த ஏற்பாடு? மாடித் தொட்டி, மோட்டார், பேட்டரி பம்ப், பிரஷர் வாஷர்: ஓர் ஒப்பீடு

போர்ட்டிகோ, பக்கவாட்டு நடைபாதை, பின்பக்கத்தில் துவைக்கும் கல்லைச் சுற்றியுள்ள சிமென்ட் தரை, மொட்டை மாடி ஆகியவற்றைக் கழுவ வீட்டிலேயே எளிய நீர் ஏற்பாடு ஒன்றைச் செய்துகொள்ள விரும்பும் வாசகர்கள், டிரம் வைப்பதா, மோட்டார் போடுவதா, கடையில் விற்கும் பிரஷர் வாஷரையே வாங்கிவிடுவதா என்று முடிவெடுக்க முடியாமல் எழுதுகிறார்கள். அந்தக் கேள்விகளில் எவ்வளவு செலவழிக்கலாம் என்ற விவரம் தவறாமல் இருக்கும். தரையில் படிந்திருப்பது என்ன அழுக்கு என்ற விவரம் அநேகமாக இருக்காது. முடிவைத் தீர்மானிப்பதோ இரண்டாவதுதான். தூசி, மண், சருகு, காக்கை எச்சம் ஆகியவற்றை அடித்துச் செல்வதற்கு நீரின் அளவு வேண்டும். சிமென்ட் தரையில் வேர்பிடித்த பாசியைப் பெயர்ப்பதற்கு அழுத்தம் வேண்டும், அல்லது பிரஷ்ஷும் கை வலுவும் வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள், சருகு தள்ளுவதற்குப் பிரஷர் வாஷர் வாங்குகிறார்கள். பாசிக்கு மணிக்கணக்கில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

## அளவுகோல்கள்

அழுக்கின் வகைக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது நீர் எங்கிருந்து வருகிறது என்பது. லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் வீட்டுக்கும், ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் வீட்டுக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், பூண்டி, புழல், சோழவரம் ஏரிகள் நான்கும் ஏறத்தாழ வற்றிப்போனதைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், வாகனம் கழுவுவதற்கும் தோட்டத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. ஆகவே, இன்று செய்துகொள்ளும் ஏற்பாடு குடிநீர் அல்லாத நீரையும் ஏற்கக்கூடியதாக இருக்குமா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, உயரம். நீர்மட்டம் குழாயின் வாயைவிடப் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றைத் தளக் கட்டடத்தின் மாடியில் இருக்கும் தொட்டி தரைமட்டக் குழாய்க்குத் தருவது 0.4 முதல் 0.5 பார் வரைதான். அதே தொட்டி, தான் அமர்ந்திருக்கும் மொட்டை மாடியைக் கழுவுவதற்குக் கிட்டத்தட்ட எந்த அழுத்தமும் தராது. மாடியைக் கழுவ வேண்டும் என்று கேட்பவர்கள் பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான்.

நான்காவது, ஹோஸ் பைப்பின் விட்டம். இது தனியாகச் சொல்லத் தக்கது. ஒரு மீட்டர் ஸ்டாண்டின் மீது வைத்த டிரம்மிலிருந்து, 1.5 மீட்டர் நீர்மட்ட உயரத்தில், 15 மீட்டர் நீளமுள்ள அரை அங்குல ஹோஸ் வழியாக வரும் நீர், கணக்கின்படி நிமிடத்துக்கு ஆறு ஏழு லிட்டர்தான். அதே டிரம், அதே நீளம், ஹோஸ் மட்டும் முக்கால் அங்குலம் என்றால் அது 20 லிட்டரை நெருங்கும். விட்டம் ஒன்றரை மடங்காகும்போது நீரோட்டம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. ‘பிரஷரே இல்லை’ என்று மோட்டார் வாங்கப் புறப்படும் பலருக்கு உண்மையில் வேண்டியது, பச்சை அரை அங்குல டியூபுக்குப் பதிலாக முக்கால் அங்குல டியூப்தான். அதற்கும் ஒரு விலை உண்டு: 30 மீட்டர் முக்கால் அங்குல ஹோஸுக்குள் மட்டும் எட்டரை லிட்டர் நீர் நிற்கும், ஹோஸின் எடையும் சேர்ந்தால், அதைத் தரையில் இழுத்துக்கொண்டு நடப்பது வயதானவர்களுக்கு எளிதன்று. வீட்டில் கழுவும் வேலையை உண்மையில் யார் செய்யப்போகிறார்கள் என்பதும் ஓர் அளவுகோலே. பெரும்பாலான வீடுகளில் சாமான் வாங்குபவர் ஒருவர், அதைப் பயன்படுத்துபவர் வேறொருவர்.

ஐந்தாவது, கழுவிய நீர் எங்கே போகிறது என்பது. தரையின் வாட்டம் வீட்டுச் சுவரை நோக்கி இருந்தால், எந்த ஏற்பாடு செய்தாலும் அஸ்திவாரத்தில் ஈரம் ஏறும். தெருவை நோக்கி இருந்தால், பக்கத்து வீட்டு வாசலில் சேறாகும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால், பல வீடுகளின் வாகன நிறுத்துமிடத்து நீர் நேராகக் கசிவுக் குழிக்கோ கிணற்றுக்கோ போகும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த வழியில் சோப்பு நீரையும் பிளீச்சிங் பவுடர் கரைசலையும் விடக் கூடாது. கழுவும் நாளில் அதை அடைத்துச் சாக்கடைப் பக்கம் திருப்ப ஒரு மூடி வேண்டும்.

மின்கட்டணத்தை அளவுகோலாக நான் வைக்கவில்லை. அரை எச்.பி. மோட்டார் 20 நிமிடம் ஓடினால் ஏறக்குறைய 0.2 யூனிட், 1,500 வாட் பிரஷர் வாஷர் அரை மணி நேரம் ஓடினால் 0.75 யூனிட், இதற்காக யாரும் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஈரத் தரையில் மின்சாரம் இருப்பதால் வரும் ஆபத்து வேறு விஷயம், அதை உரிய இடத்தில் பார்க்கலாம்.

## ஒரே பார்வையில்

விலைகள் தோராயமானவை, ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

| ஏற்பாடு | நிமிடத்துக்கு நீர் | அழுத்தம் | தொடக்கச் செலவு (ரூபாய்) | எதற்குப் போதும் | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|---|---|
| மாடித் தொட்டியிலிருந்து தனிக் குழாய் | 15–30 லிட்டர் | 0.4–0.8 பார் | 2,000–4,000 | தூசி, மண், சருகு | வீட்டு நீர் தீர்ந்துபோதல் |
| ஸ்டாண்டின் மீது டிரம் | 10–20 லிட்டர் | 0.1–0.2 பார் | 3,000–5,000 | சிறிய முற்றம், மறுபயன்பாட்டு நீர் | கொசு, பாசி, ஸ்டாண்டு துருப்பிடித்தல் |
| அரை எச்.பி. மோட்டார் | 15–25 லிட்டர் | 1–2 பார் | 5,000–8,000 | மேற்கண்டவற்றுடன் ஒட்டிய சேறு, மொட்டை மாடி | சீல், ஃபுட் வால்வு, மின்பாதுகாப்பு |
| 12 வோல்ட் பேட்டரி பம்ப் | 3–5 லிட்டர் | 4–7 பார் | 2,500–4,500 | மூலைகள், கிரில், கரைசல் தெளித்தல் | பேட்டரி மாற்றுதல் |
| பிரஷர் வாஷர் | 5–7 லிட்டர் | 100 பார் அளவில் | 6,000–12,000 | பாசி, பழைய கறை | தரைச் சேதம், உதிரிபாகம் |

அட்டவணையில் இல்லாத ஆறாவது ஏற்பாடு வாளியும் தென்னந்துடைப்பமும். கழுவ வேண்டிய இடம் 150 சதுர அடிக்குள் என்றால், வேறு எதையும் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டு வாளி நீரில், அதாவது முப்பது நாற்பது லிட்டரில், முதலில் உலர்ந்த தரையைப் பெருக்கிவிட்டுக் கழுவினால் முடிகிற வேலைக்கு, ஹோஸைத் திறந்தால் பத்து நிமிடத்தில் 150 லிட்டருக்குக் குறையாமல் போய்விடும். எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் உலர்வாகப் பெருக்குவது நீர்ச் செலவில் பெரும்பகுதியைக் குறைக்கும். சருகை நீரால் துரத்துவதைப் போல் வீண்வேலை வேறில்லை.

## மாடித் தொட்டியிலிருந்து தனிக் குழாய்

மாடியில் ஏற்கெனவே தொட்டி இருக்கிறது, நீரும் ஏற்றப்பட்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு தனி இறக்கு குழாயைத் தரை வரை கொண்டுவந்து, கீழே ஒரு பால் வால்வும் ஹோஸ் நிப்பிளும் பொருத்திவிட்டால் ஏற்பாடு முடிந்தது. ஓடும் உறுப்பு எதுவும் இல்லை, மின்சாரம் இல்லை, பழுதாவதற்கு வால்வைத் தவிர வேறு எதுவும் இல்லை. குளியலறைக்கும் சமையலறைக்கும் போகும் குழாயிலேயே ஒரு கிளை எடுத்தால் வேலை மிச்சம் என்று பிளம்பர் சொல்வார். அதை ஏற்கக் கூடாது. கீழே ஹோஸ் திறந்திருக்கும் நேரமெல்லாம் மேலே ஷவரில் நீர் நூலாக இறங்கும்.

இந்த ஏற்பாட்டின் மறைமுகச் செலவு, கழுவி முடிப்பதற்குள் வீட்டுத் தொட்டி காலியாகிவிடுவது. 500 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 25 லிட்டர் வீதம் 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இதைத் தடுக்க எளிய வழி ஒன்றுண்டு. தனிக் குழாய்க்கான துளையைத் தொட்டியின் அடியில் போடாமல், அதன் பாதி உயரத்தில் போட வேண்டும். நீர்மட்டம் அந்தத் துளைக்குக் கீழே இறங்கியதும் ஹோஸ் தானாகவே நின்றுவிடும். மீதிப் பாதி வீட்டுக்கு மிச்சம். இதனால் இழப்பது அரை மீட்டர் உயரம், அதாவது 0.05 பார். பெறுவது, குளித்துக்கொண்டிருப்பவரிடமிருந்து வசை வாங்காமல் இருப்பது. தொட்டியின் வளைந்த பக்கத்தில் துளை போடும்போது, ரப்பர் வாஷர் இருபுறமும் உள்ள டேங்க் நிப்பிளையே பயன்படுத்த வேண்டும். எம்-சீலை மட்டும் நம்பினால் ஒரு கோடை தாண்டாது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஹோஸின் முனை பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் மூழ்கிக் கிடக்கும்போது குழாயில் நீர் தீர்ந்துபோனால், அந்தக் கரைசல் பின்னோக்கி உறிஞ்சப்படும் வாய்ப்பு உண்டு. வால்வுக்கு அடுத்து ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

எப்போது இது சிறந்தது: கட்டடம் ஒரு தளமோ இரண்டு தளமோ இருந்து, கழுவ வேண்டிய இடம் தரைமட்டத்தில் இருந்து, அழுக்கு பெரும்பாலும் தெருப் புழுதியும் சருகுமாக இருக்கும்போது. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலானவை இந்த வகையில்தான் வரும்.

## ஸ்டாண்டின் மீது டிரம்

அழுத்தத்தை மட்டும் பார்த்தால் இந்தப் பட்டியலில் கடைசி இடம் இதற்குத்தான். ஆனாலும் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: வீணாகப் போகும் நீரைச் சேர்த்துவைக்க இடம் தருவது இது ஒன்றே. வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்குப் பொதுவாக இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துவிடுகிறது. ஒரு நாளைக்கு 15 லிட்டர் குடிநீர் எடுக்கும் வீட்டில், ஒரு வாரத்துக்குள் 200 லிட்டர் டிரம் நிறைந்துவிடும். செடிகளுக்கு அதிகம் ஊற்றக் கூடாத அந்த நீர், தரை கழுவப் பொருத்தமானது. கறுப்பு கிரானைட்டிலும் அடர்நிற டைல்ஸிலும் மட்டும், உலர்ந்தபின் வெள்ளை உப்புத் திட்டு தெரியும். வாஷிங் மெஷினின் கடைசி அலசல் நீரும் உகந்ததே. ஆனால் அதை அன்றைக்கே செலவழித்துவிட வேண்டும், மறுநாள் நாறும்.

டிரம் நிறைந்தால் 200 கிலோவுக்கு மேல். அதை மெல்லிய கால் கொண்ட ஸ்டாண்டில் ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்துவது, குழந்தைகள் விளையாடும் பின்பக்கத்தில் அபாயமான காரியம். செங்கல் மேடை கட்டிச் சுவரை ஒட்டி வைப்பதே நல்லது. எல்-ஆங்கிள் ஸ்டாண்டு என்றால் கால்களுக்கு அடியில் தகடு வைத்து, டிரம்மின் இடுப்பில் ஒரு பட்டையைச் சுற்றிச் சுவரோடு இறுக்க வேண்டும். பழைய டிரம் வாங்குபவர்கள் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை டிரம்மில் பாசி பிடிக்கும். நீலம் அல்லது கறுப்பு நிறமே ஏற்றது.

கொசுதான் இதன் உண்மையான செலவு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்து தேங்கிய நீரிலேயே முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அதன் முட்டைகள் டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே இறுக்கமான மூடியும், நீர் வரும் குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றி வலையும் கட்டாயம். வாரம் ஒருமுறை காலிசெய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். இதைச் செய்ய ஆளில்லாத வீட்டுக்கு டிரம் வேண்டாம்.

எப்போது இது சிறந்தது: நீர் விலைக்கு வாங்கப்படும்போது, இடம் சிறியதாக இருக்கும்போது, அல்லது அடுத்து வரும் மோட்டார் ஏற்பாட்டுக்கு நீர்த்தேக்கமாக. டிரம்மும் மோட்டாரும் சேர்ந்தால்தான் இரண்டின் குறையும் தீரும்.

## அரை எச்.பி. மோட்டாரும் டிரம்மும்

சொந்தமாகச் செய்யும் ஏற்பாடு என்ற பெயருக்கு முழுமையாகத் தகுதியானது இது. சம்ப்பிலிருந்து தொட்டிக்கு நீர் ஏற்றப் பயன்படும் சிறிய அரை எச்.பி. மோனோபிளாக் மோட்டாரையே இதற்கும் பயன்படுத்தலாம். 1 முதல் 2 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 15 முதல் 25 லிட்டர் என்பது, வாகனச் சக்கரம் கொண்டுவந்த களிமண்ணைக் கரைத்துத் தள்ளுவதற்கும், மொட்டை மாடியின் தூசியை மழைநீர்க் குழாய் வாய் வரை கொண்டுபோவதற்கும் போதுமானது.

மோட்டாரைச் சம்ப்புக்கு மேலே வைத்து உறிஞ்ச வைத்தால், ஃபுட் வால்வில் (உறிஞ்சுகுழாயின் அடியில் நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு) ஒரு சிறு மணல் துகள் சிக்கினாலும் நீர் இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மேலே நீர் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். டிரம்மைத் தாழ்வான மேடையில் வைத்து, அதன் அடிப்பகுதியிலிருந்து ஓரங்குலக் குழாயை எடுத்து, மோட்டாரை அதற்கும் கீழான மட்டத்தில் பொருத்தினால், நீர் தானாகவே மோட்டாருக்குள் இறங்கி நிற்கும். ஃபுட் வால்வே வேண்டியதில்லை. டிரம் காலியான பின்னும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் சீல் கருகிவிடும் என்பதால், ஒரு ஃபுளோட் சுவிட்ச் வைப்பது அந்தச் செலவுக்குத் தகும்.

அடுத்தது, பலர் அறியாத சிக்கல். ஹோஸின் முனையில் விசை வைத்த துப்பாக்கி போன்ற நாசிலைப் பொருத்திக்கொண்டு, துடைப்பம் எடுக்கப் போகும்போது அதை மூடிவிடுவார்கள். மோட்டார் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். நீர் போக வழியில்லாமல் அங்கேயே சுழன்று சூடேறும். வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் சிறிய அரை எச்.பி. மோட்டார்களில் பல, விளிம்பில் சிறு பற்கள் கொண்ட சக்கர வகையைச் சேர்ந்தவை. அவ்வகையில் வழியை அடைக்க அடைக்க மோட்டாரின் சுமை கூடுமே தவிரக் குறையாது. பரிகாரம் மிக மலிவானது: நீர் வெளியேறும் டெலிவரி குழாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து, அரை அங்குல பால் வால்வு வழியாக ஒரு கிளையை மீண்டும் டிரம்முக்கே திருப்பிவிட வேண்டும். அந்த வால்வைக் கால்பங்கு திறந்தே வைத்தால், நாசிலை மூடினாலும் நீர் சுற்றிக்கொண்டிருக்கும். அதையே அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படுத்தலாம். அதே பற்சக்கரத்துக்கும் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது என்பதால், மணலும் துணி நூலும் அதற்கு எமன். வாஷிங் மெஷின் நீரை டிரம்மில் விடுபவர்கள், நைலான் வலையில் வடிகட்டிய பின்னரே விட வேண்டும்.

இந்த மோட்டாரோடு சேர்த்து நான் பரிந்துரைப்பது, கடையில் விற்கும் நாசிலைவிட, வீட்டிலேயே செய்யக்கூடிய நீர்த் துடைப்பம். இரண்டடி நீளமுள்ள முக்கால் அங்குல பி.வி.சி. குழாயின் இரு முனைகளையும் மூடி, நடுவில் ஒரு டீ வைத்துக் கைப்பிடிக் குழாயை இணைத்து, கீழ்ப்பக்கம் வரிசையாக ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்றாக 1.5 மில்லிமீட்டர் அளவில் பத்துத் துளைகள் போட வேண்டும். துளைகள் நேர்கீழே பார்க்காமல், சற்று முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். 2 பார் அழுத்தத்தில் இந்தப் பத்துத் துளைகள் வழியாக வெளியேறும் நீர், நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர், அரை எச்.பி. மோட்டாருக்குச் சரியான அளவு. துளையை 3 மில்லிமீட்டராக்கினால் நான்கு மடங்கு நீர் கேட்கும், மோட்டாரால் ஈடுகொடுக்க முடியாது, பாய்ச்சல் சோர்ந்துபோகும். மாடித் தொட்டி அழுத்தத்தில் இந்தத் துடைப்பம் அதிகம் பயன்படாது; நீர் மெலிந்து வரும், அவ்வளவே.

ஈரத் தரையில் நின்றுகொண்டு மின்மோட்டாரோடு இணைந்த ஹோஸைப் பிடித்திருப்பவருக்கு, எர்த் இணைப்பும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் இந்த ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடக்கச் செலவைக் கணக்கிடும்போது இதைச் சேர்க்காதவர்கள்தான் மோட்டார் மலிவு என்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் கிடத்தி அதில் மோட்டாரைச் செருகுவது கூடவே கூடாது. மாநகராட்சிக் குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்துவதும் கூடாது. அது சட்டவிரோதம் என்பதோடு, குழாய்க்குள் ஏற்படும் உறிஞ்சலால் விரிசல்கள் வழியே சாக்கடை நீர் உள்ளே வரும்.

எப்போது இது சிறந்தது: இடம் 500 சதுர அடிக்கு மேல், வாரம் ஒருமுறையாவது கழுவும் பழக்கம், மொட்டை மாடியும் பட்டியலில் இருப்பது, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது. கடைசி நிபந்தனை மற்றவற்றுக்குக் குறைந்ததன்று.

## 12 வோல்ட் பேட்டரி பம்ப்

வயலில் மருந்தடிக்கப் பயன்படும், முதுகில் சுமக்கும் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயருக்குள் இருக்கும் சிறிய டயஃப்ரம் பம்ப்தான் இது. தனியாகவும் கிடைக்கிறது, 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், ஷாக் அடிக்காது, நாசிலை மூடினால் உள்ளிருக்கும் பிரஷர் சுவிட்ச் தானே நிறுத்திவிடும். வாளியிலிருந்தே நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆனால் நிமிடத்துக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் என்பது தரையில் கிடக்கும் மண்ணைத் தள்ளப் போதாது. ஜன்னல் கிரில், கேட், சுவர் மூலை, படிக்கட்டு ஓரம் ஆகியவற்றைக் கழுவவும், பாசியின் மீது பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளிக்கவும் இது நன்று. தெளித்த பின் நல்ல நீரை ஓடவிட்டுக் குழாயைக் கழுவாவிட்டால், உள்ளிருக்கும் ரப்பர் சீக்கிரம் கெட்டுவிடும். பூச்சிமருந்து அடித்த ஸ்பிரேயரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரவே கூடாது. காலியான நிலையில் மாதக்கணக்கில் கிடக்கும் லெட்-ஆசிட் பேட்டரி திரும்ப உயிர்பெறாது. எப்போதாவது கழுவும் வீடுகளில் பம்ப் புதிதாகவே இருக்கும், பேட்டரி மட்டும் மாறிக்கொண்டிருக்கும்.

எப்போது இது சிறந்தது: வெளியே மின் இணைப்பே இல்லாத இடத்தில், அல்லது வேறோர் ஏற்பாட்டுக்குத் துணையாக.

## பிரஷர் வாஷர்

இது வீட்டில் செய்வதன்று, வாங்குவது. ஆயினும் ஒப்பீட்டில் இதை விட்டுவிட முடியாது. பாசி என்று வந்துவிட்டால், மற்ற நான்கும் தோற்கும் இடத்தில் இது ஜெயிக்கும். மார்கழி வரை ஈரம் காயாத வடக்குப் பக்க நடைபாதையில், கால் வைத்தால் வழுக்கும் அந்தக் கரும்பச்சைப் படலத்தை உரித்தெடுத்து, சிமென்ட்டின் பழைய சாம்பல் நிறத்தைப் பட்டைபட்டையாக வெளியே கொண்டுவருவதைப் பார்த்தவர்கள், அதை வாங்காமல் கடையை விட்டு வருவது கடினம்.

நிமிடத்துக்கு ஐந்து ஆறு லிட்டர்தான் செலவாகிறது என்பதால் இது நீரை மிச்சப்படுத்தும் என்று விற்பவர்கள் சொல்வது பாதி உண்மை. ஒரு நேரத்தில் ஒரு கையகலத் தரைதான் சுத்தமாகும். 300 சதுர அடியை முழுவதும் உரிக்க ஒரு மணி நேரமானால், 300 லிட்டருக்கு மேல் போயிருக்கும். அதன்பின் தரையில் கிடக்கும் பாசிச் சேற்றைத் தள்ள மீண்டும் ஹோஸ் வேண்டும். எனவே பிரஷர் வாஷர் வாங்கினாலும், மேலே சொன்ன ஏதேனும் ஒரு நீர் ஏற்பாடு அதற்கு முன்னால் இருந்தாக வேண்டும். டிரம்மிலிருந்து அதற்கு நீர் கொடுப்பதானால், டிரம் கருவியைவிட உயரத்தில் இருக்கட்டும். உள்வரும் வாயில் வடிகட்டி இருக்கட்டும். காற்றை உறிஞ்சிக்கொண்டு ஓடும் பிரஷர் வாஷர் நெடுநாள் உழைக்காது. உப்பு மிகுந்த ஆழ்துளை நீரைப் பயன்படுத்துபவர்கள், வேலை முடிந்ததும் உள்ளே நிற்கும் நீரை முழுவதும் வெளியேற்றிவிட வேண்டும்.

தரைச் சேதம்தான் இதன் பெரிய மறைமுகச் செலவு. பேவர் பிளாக் கற்களுக்கு இடையே நிரப்பிய மணலை இது பெயர்த்துவிடும்; அடுத்த மழையில் கற்கள் ஆடும். பழைய வீடுகளின் மொட்டை மாடியில், சுர்க்கியின் (செங்கற்பொடிச் சுண்ணாம்புக் கலவை) மீது பதித்த தட்டோடுகளின் இணைப்புக் கலவையை இது உடைத்துவிட்டால், கழுவியதற்கு அடுத்த பருவமழையில் கூரை ஒழுகும். அதைச் சரிசெய்ய ஆகும் கூலியில் இரண்டு கருவிகள் வாங்கலாம். ரெட் ஆக்சைடு திண்ணையிலும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரிலும் இதைத் திருப்பவே கூடாது. ஒற்றைக் கோடாகப் பாயும் நாசிலைத் தவிர்த்து, விசிறிபோல் விரியும் நாசிலை ஓரடி தூரத்தில் பிடிப்பது பாதுகாப்பானது. கால் விரலில் நேராகப் பட்டால் தோலைத் துளைக்கும் அழுத்தம் அது; ரப்பர் செருப்பு போதாது, ஷூ வேண்டும்.

எப்போது இது சிறந்தது: ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்தபின் சிமென்ட் தரையில் பாசி பிடிக்கும் வீடு, அதோடு வாகனமும் கழுவும் வீடு. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் தேவை என்றால், நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்குவதே அறிவுடைமை. ஒரு வீட்டின் பரண்மேல் பத்து மாதம் தூங்குவதற்கு அது விலை அதிகம்.

## என் வரிசை

தூசியும் சருகும் மட்டும் உள்ள வீட்டுக்கு மாடித் தொட்டியிலிருந்து தனிக் குழாயும் முக்கால் அங்குல ஹோஸும். நீர் விலைக்கு வாங்கும் வீட்டுக்கு ஆர்.ஓ. நீர் சேரும் டிரம், இடம் பெரிது என்றால் அதோடு மோட்டார். மொட்டை மாடி கழுவ வேண்டியிருந்தால், மோட்டாரைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பாசி மட்டுமே பிரச்சினை, அதுவும் 100 சதுர அடிதான் என்றால், பிரஷர் வாஷருக்கு முன்னால் பிளீச்சிங் பவுடரை முயன்று பாருங்கள்: கரைசலை ஊற்றி இருபது நிமிடம் ஊறவிட்டு, கடினமான பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும். அதன்மேல் ஆசிட்டையோ கழிப்பறை கிளீனரையோ ஊற்றிவிடக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஆசிட் சிமென்ட்டையும் அரித்துத் தரையைச் சொரசொரப்பாக்கும். அடுத்த ஆண்டு பாசி அதில் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

எதை வாங்குவதற்கு முன்னும் ஐந்து நிமிடச் சோதனை ஒன்றைச் செய்துகொள்ளலாம். இப்போது இருக்கும் ஹோஸை, கழுவ வேண்டிய இடத்தின் கடைசி மூலை வரை இழுத்துச் சென்று, 15 லிட்டர் வாளியை நிரப்பிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால், உங்களிடம் உள்ள நீரோட்டமே போதும். ஒரு நல்ல நாசில் மட்டும் வாங்குங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால், முக்கால் அங்குல ஹோஸைக் கடனாக வாங்கியாவது அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள்; அப்போதும் இரண்டு நிமிடத்துக்குள் நிறையவில்லை என்றால்தான் மோட்டாரைப் பற்றி யோசிக்க வேண்டும். பின்னர், அந்த வாளி நீரைத் தரையின் மிகக் கறுத்த இடத்தில் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் பத்து முறை தேயுங்கள். கறுப்பு நீரோடு போனால் அது மண். போகாமல் வழவழப்பாக நின்றால் அது பாசி.